நியமனமும் தேர்தலும்
(கல்விச் சங்க வெள்ளி விழாவில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



கல்வியும் தேர்தலும் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு சங்கத்தார் நம்மைப் பணித்தனர். அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் தேர்தலைப்பற்றிப் பேசலாமா என்று சிலர் ஐயுறக்கூடும். கட்சிகளைப்பற்றிப் பேச நாம் வரவில்லை. அதற்கு விதிகளும் இடம் தரா. ஆனால் பள்ளி நிருவாகத்தில் யார் அமர்கிறார், அவரை அமர்த்துகிறவர் யார் என்பது நம் தொழிலைச் சார்ந்த கேள்வி. அதனை விளக்க, ஆசிரியராகத் தொடங்கிய ஒருவரின் பொதுவாழ்வை எடுத்துக்கொண்டோம். அவர் எம். சி. ராஜா. இப்பெயரை வகுப்பில் சொன்னபோது, அவரைப் பழைய பாளையக்காரர் என எண்ணிய மாணவரும் உண்டு.

மயிலை சின்னத்தம்பி ராஜா 1883ஆம் ஆண்டு பரங்கிமலையில் பிறந்தார். இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியிலும் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் பயின்று ஆசிரியரானார். பாடநூல்களும் எழுதினார். தொடக்கக் கல்வி, உயர்நிலைக் கல்வி ஆகியவற்றை ஆராய அரசு அமைத்த குழுக்களில் உறுப்பினராக இருந்தார். 1916இல் ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலாளரானார். 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்தின்படி அமைந்த சென்னைச் சட்டசபையில் அவருக்கு இடம் கிடைத்தது. ஆயின், அது வாக்குப் பெற்று வந்த இடமன்று; அரசு நியமித்த இடம்.

ஏன் அவர் தேர்தலில் நின்று வெல்லவில்லை? அக்காலத்தில் வாக்குரிமை பெரும்பாலும் சொத்தும் வரியும் உடையவர்க்கே இருந்தது. நஞ்சையை உழுதவர் நம் முன்னோர். பட்டா அவர்கள் பெயரில் இல்லை. ஆகவே வாக்கும் இல்லை. வாக்காளர் பட்டியலில் இல்லாத மக்களின் சார்பில் பேச ஒருவரை ஆளுநர் தேர்ந்தெடுத்தார்.

அந்த இடத்தையும் ராஜா வீணாக்கவில்லை. 1922இல், இழிவுபடுத்தும் பழைய பெயர்களை நீக்கி ஆதிதிராவிடர், ஆதிஆந்திரர் என்னும் பெயர்களை அரசு ஆவணங்களில் வழங்க வேண்டுமெனத் தீர்மானம் கொண்டுவந்தார். அரசும் அதனை ஏற்றது. ஆனால் அதற்கு முந்திய ஆண்டு, பின்னி ஆலை வேலைநிறுத்தத்தையொட்டிப் புளியந்தோப்பில் நம் மக்களின் குடிசைகள் எரிந்தபோது, தாம் சார்ந்திருந்த நீதிக்கட்சியின் தலைவர்கள் நம் மக்கள்மீதே குறை கூறியதைக் கேட்டுக்கொண்டிருக்க நேர்ந்தது. 1923இல் அக்கட்சியை விட்டு விலகினார். 1927இல் தில்லி மத்தியச் சட்டசபைக்குச் சென்றார், அதுவும் நியமனமே. நியமன உறுப்பினர் நன்றாகப் பேசலாம். அவர் பேச்சைக் கேட்டு அடுத்த தேர்தலை எண்ணி அஞ்சவேண்டிய தேவை எவருக்கும் இல்லை. நியமன இடத்தின் குறை இதுவே என்பது நம் கருத்து.

1932இல் தேர்தல் முறைபற்றிய பெரும் வழக்கு எழுந்தது. அண்ணல் அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனும் வட்டமேசை மாநாட்டில் தனித்தொகுதி கேட்டனர். ராஜா கூட்டுத்தொகுதியில் ஒதுக்கீட்டு இடங்கள் போதுமென மூஞ்சேயுடன் உடன்பாடு செய்துகொண்டார். அவரை இன்றும் இதற்காகக் கடிந்துரைப்பார் உண்டு. கடிந்துரைப்போரின் வாதத்தில் வலுவுண்டு என்பதை நாமும் ஏற்கிறோம். இறுதியில் 1932 செப்டம்பர் 24ஆம் நாள் எரவாடாவில் கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தில் அம்பேத்கரோடு ராஜாவும் ஒப்பமிட்டார். சென்னை மாகாணத்துக்கு 30 இடங்கள் கிடைத்தன.

இளைஞர்கள் அந்த ஒப்பந்தத்தின் கடைசி இரு பிரிவுகளைத் தவறாது படிக்கவேண்டும். எல்லாரும் 30, 148 என்னும் எண்களோடு நின்றுவிடுகின்றனர். எட்டாம் பிரிவு, உள்ளாட்சித் தேர்தல்களிலும் அரசுப் பணிகளிலும் ஒடுக்கப்பட்ட வகுப்பில் பிறந்த காரணத்தால் எவருக்கும் தடை இருத்தலாகாது என்கிறது. ஒன்பதாம் பிரிவு, மாகாணக் கல்வி மானியத்திலிருந்து நம் மக்களின் கல்விக்குப் போதிய தொகை ஒதுக்கப்பட வேண்டும் என்கிறது. உள்ளாட்சி இருக்கையும் பள்ளிப் பணமும் அடுத்தடுத்த பிரிவுகளாக எழுதப்பட்டன. இவ்விரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதை நாம் பள்ளி நடத்திக் கண்டிருக்கிறோம்.

1937இல் ராஜா தேர்தல் வழியாகச் சென்னைச் சட்டமன்றத்துக்கு வந்தார். அப்போதும் வாக்குரிமை அனைவருக்கும் இல்லை. ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்திருப்பதும் வாக்காளர் ஆவதற்கான தகுதிகளுள் ஒன்றாயிருந்தது. பள்ளிக்கூடத் திண்ணையில் கற்ற அகரம் ஒருவனை வாக்காளன் ஆக்கியது! அவ்வாண்டு ஏப்ரல் முதல் ஜூலை வரை நடந்த இடைக்கால அமைச்சரவையில் அவர் அமைச்சராகவும் இருந்தார். 1938இல் பொது இடங்களில் தீண்டாமைத் தடைகளை நீக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார், அது சட்டமாயிற்று. ஆலய நுழைவு மசோதாவையும் கொண்டுவந்தார், ஆளும் காங்கிரசு அதனை ஆதரிக்கவில்லை, அது தோற்றது. மறு ஆண்டு, 1939 ஜூலை 8ஆம் நாள், மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் நம் தோழர்களை அழைத்துச் சென்றார். அவர்களுள் மேலூர்ப் பகுதியைச் சேர்ந்த கக்கனும் ஒருவர். ராஜாவோ தம் பழைய நிலையை மாற்றிக்கொண்டு, 1942இல் கிரிப்சுத் தூதுக்குழுவை அம்பேத்கரோடு சேர்ந்து சந்தித்தார். 1943இல் மறைந்தார்.

எட்டாம் பிரிவு என்ன ஆயிற்று என்பதற்கு நாம் சென்னைக்குப் போகவேண்டியதில்லை. ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டினால் உசிலம்பட்டி வட்டாரம். அங்கே பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996இல் நம் மக்களுக்கு ஒதுக்கப்பட்டது. பத்தாண்டுக் காலம் அங்கே முறையான தலைவர் அமரவில்லை. வேட்புமனு வரவில்லை; வந்தவிடத்து, வென்றவர் உடனே பதவி விலகினார். 2006 அக்டோபரில்தான், மதுரை ஆட்சியர் உதயச்சந்திரன் காலத்தில், தேர்தல் நிலைபெற்றது. மேலவளவிலோ, தேர்தலில் வென்ற தலைவர் முருகேசனும் அவரோடு ஐவரும் 1997 ஜூன் 30ஆம் நாள் பேருந்திலிருந்து இறக்கி வெட்டிக் கொல்லப்பட்டனர். ஒப்பந்தம் எழுதி 65 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இனி நம் பள்ளத்தாக்குக்கு வருவோம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவை அமைக்கச் சொல்கிறது. உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும், பாதிப்பேர் பெண்கள், நலிந்த பிரிவினரின் பெற்றோர்க்கு அவர்தம் தொகைக்கேற்ற இடம் உண்டு. பள்ளி வளர்ச்சித் திட்டத்தை வகுப்பதும் மானியம் செலவாகும் முறையைப் பார்ப்பதும் குழுவின் வேலை. 2022இலும் 2024இலும் தமிழக அரசுப் பள்ளிகளில் இக்குழுக்கள் மறுகட்டமைப்புச் செய்யப்பட்டன. ராஜா குழுவில் அமரச் சென்னைக் கோட்டையின் தயவு வேண்டியிருந்தது. நம் தாய்மார்க்குப் பள்ளி வளாகத்துக்கு நடந்துவருவதே போதும்.

ஆனால் அவர்கள் எப்படி வருவார்கள்? கூட்டம் வேலைநாளின் பிற்பகலில் நடக்கிறது. விடியுமுன் ஜீப்பில் ஏறிக் கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டம் சென்றவர் திரும்பும்போது பள்ளி பூட்டியிருக்கும். திராட்சைத் தோட்டத்துக்குப் போனவருக்கும் அரைநாள் கூலி போய்விடும். ஆகவே பெயர் குழுவில் இருக்கும். ஆள் கூட்டத்தில் இருக்கமாட்டார். தீர்மானப் புத்தகம் மறுநாள் அவர் வீட்டுக்குப் போய்க் கையொப்பம் பெற்றுவருவதை ஓர் ஊரில் நாமே பார்த்திருக்கிறோம், ஊர்ப்பெயர் வேண்டா. சமையற்கூடத்தை எங்கே கட்டுவது, கழிப்பறை எந்தப் பிள்ளைகளுக்கு அருகில் என்பதெல்லாம் வந்திருந்தோரே முடிவு செய்தனர். பெயரளவில் தேர்வு, செயலளவில் நியமனம். 1920ஆம் ஆண்டின் நிலைக்கு நாமே திரும்பிச் சென்றுவிடுகிறோம்.

எனவே சங்க நிருவாகிகளிடம் ஒரு வேண்டுகோள். குழுக் கூட்ட நாளில் மலையேறாமல் ஊரில் தங்கும் உறுப்பினர் தாய்மார்க்கு அந்நாள் கூலியைச் சங்க நிதியிலிருந்து ஈடுசெய்க. கூட்டத்துக்கு முன்னாள் இரவு, படித்த இளைஞர் இருவர் அவர்தம் வீட்டுக்குச் சென்று, கூட்டப் பொருளையும் வரவுசெலவுக் கணக்கையும் படித்துக் காட்டுக. கையொப்பமிடத் தெரியாத தாய்மார்க்கு அடுத்த மறுகட்டமைப்புக்குள் அதனைக் கற்பிக்கும் பொறுப்பை நாம் ஏற்கிறோம். ஞாயிறு மாலைகளில், சங்கக் கட்டடத்திலேயே. கூலி நிதிக்கு முதல் தொகையாக இவ்விழாவில் நமக்கு அளித்த பொற்கிழியைப் பொருளாளரிடம் ஒப்படைத்துள்ளோம். இதனை இன்று மாலைப் பொதுக்குழுவில் தீர்மானமாக வைக்குமாறு கேட்டு அமர்கிறோம்.