மேட்ச் ஆன பிறகுதான் வேலையே ஆரம்பம்

இன்னைக்குப் பேசப்போறது ஒரு மேட்சிங் பிரச்சினை பத்தி. அதில் நான் செஞ்ச ஒரு தப்பையும் சொல்லப்போறேன்.

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைன் மீது முழு அளவில் படையெடுத்தது. மூணு வாரம்கூட ஆகல, மார்ச் 14-ஆம் தேதி பிரிட்டன் அரசு 'ஹோம்ஸ் ஃபார் உக்ரைன்' திட்டத்தை அறிவிச்சது. விஷயம் சிம்பிள். உங்க வீட்டில் ஒரு அறை காலியா இருந்தா, குறைந்தது 6 மாதம் ஒரு உக்ரைன் குடும்பத்தைத் தங்க வைக்கலாம். வாடகை வாங்கக்கூடாது. நன்றித் தொகையாக அரசு மாதம் 350 பவுண்டு தரும்னு அப்போ சொன்னது. அப்போ வந்தவங்களுக்கு 3 வருஷ விசா, வேலை செய்யும் உரிமை கிடைச்சது. ஒரே நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவங்க பெயர் கொடுத்தாங்க. பதிவுத் தளமே கொஞ்ச நேரம் படுத்துடுச்சு.

ஆனா ஒரு ஓட்டை இருந்தது. விசா விண்ணப்பத்தில் ஸ்பான்சர் பெயரைக் குறிப்பிடணும். அந்த ஸ்பான்சரைத் தேடித் தரும் வேலையை அரசு எடுத்துக்கல. வார்சாவில் ஒரு முகாமில் குழந்தையோட உட்கார்ந்திருக்கிற அம்மாவுக்கு லீட்ஸில் யாரைத் தெரியும்? அதனால் எல்லாரும் ஃபேஸ்புக் குழுக்களுக்குப் போனாங்க. தன் போட்டோ, குழந்தைகள் வயசு, தெரிஞ்ச வேலை எல்லாத்தையும் முன்பின் தெரியாதவங்க முன்னாடி வைக்க வேண்டிய நிலைமை. 18 முதல் 60 வயசு வரையான ஆண்கள் அப்போ பெரும்பாலும் நாட்டை விட்டு வெளியேற முடியாம இருந்ததால், வந்தவங்களில் அதிகம் பெண்களும் குழந்தைகளும்தான்.

அப்போ ஒரு சின்னத் தன்னார்வக் குழுவுக்கு நான் சனி ஞாயிறுகளில் கோட் எழுதிக் கொடுத்தேன். இந்தப் பக்கம் குடும்பங்கள், அந்தப் பக்கம் வீடுகள். காலேஜில் படிச்ச கேல்-ஷேப்லி அல்காரிதம் உடனே ஞாபகம் வந்தது. 1962-ல் வந்தது அது. ரெண்டு பக்கத்து விருப்ப வரிசையையும் கொடுத்தா, 'இவங்களை விட்டுட்டு நாம சேர்ந்திருக்கலாமே'ன்னு எந்த ஜோடிக்கும் தோணாத மாதிரி சேர்த்து வைக்கும். இந்தத் துறை வேலைக்காகத்தான் ஷேப்லிக்கும் ஆல்வின் ராத்துக்கும் 2012-ல் பொருளாதார நோபல் கிடைச்சது. படுக்கை எண்ணிக்கை, ஊர், செல்லப்பிராணி எல்லாம் போட்டு ஸ்கோர் கணக்கிட்டேன். ரொம்ப அழகா ஓடுச்சு.

தப்பு எங்கே தெரியுமா? மேட்ச் ஆன உடனே அந்தக் குடும்பத்தின் போன் நம்பர் வீட்டுக்காரருக்கு மெயிலில் போகும்படி எழுதியிருந்தேன். வேகம்தான் முக்கியம்னு நினைச்சேன். ரெண்டாவது வாரம் ஒரு அம்மா வேண்டாம்னு சொன்ன மேட்ச்சை ரத்து செஞ்சோம். ஆனா நம்பர் ஏற்கெனவே போயிடுச்சு. அந்த ஆள் ராத்திரி ராத்திரி போன் பண்ணி ஏன் வரலைன்னு கேட்டிருக்கார். ஒருங்கிணைப்பாளர் அக்கா என்னைத் திட்டல. "தம்பி, அவங்க சிம்மை மாத்திட்டாங்க. இப்போ நாமளும் அவங்களைப் பிடிக்க முடியல"ன்னு மட்டும் சொன்னாங்க.

அன்னைக்குத்தான் புரிஞ்சது. ரெண்டு பக்கமும் சமம்னு வெச்சு நான் கோட் எழுதியிருந்தேன். ஆனா ஒருத்தர்கிட்ட சாவி இருக்கு, இன்னொருத்தர்கிட்ட பெட்டி மட்டும்தான் இருக்கு. அந்த ஏப்ரலில் ஐ.நா. அகதிகள் முகமையும் இதையேதான் சொன்னது. தனியா வரும் பெண்களையும் குழந்தைகளோட வர்றவங்களையும் தனியா வாழும் ஆண்கள்கிட்ட அனுப்பாம, குடும்பங்களோட சேர்த்து வைக்கிற மாதிரி முறையை மாத்தணும்னு கேட்டது.

நான் மூணு விஷயம் மாத்தினேன். ஒண்ணு, வீட்டுக்காரரைச் சரிபார்த்து முடிக்காம அவர் பெயரே பட்டியலில் வராது. ரெண்டு, முதல் பேச்சு தன்னார்வலர் கூட இருக்கிற வீடியோ அழைப்பில்தான். நம்பரைத் தரலாமான்னு முடிவெடுக்கிறது அந்தக் குடும்பம். மூணு, 'வேண்டாம்' பட்டன். காரணம் கேட்காது, அழுத்தினா வரிசையில் பின்னாடியும் தள்ளாது. மேட்ச் எண்ணிக்கை பாதியா குறைஞ்சது. ஆனா பாதியில் உடைஞ்ச மேட்ச் அதைவிட அதிகமா குறைஞ்சது.

இன்னொரு மாதிரியும் உலகத்தில் இருக்கு. கனடாவில் 1979 முதல் தனியார் ஸ்பான்சர்ஷிப் நடக்குது. வியட்நாம், லாவோஸ், கம்போடியா அகதிகள் ஆயிரக்கணக்கில் அப்படித்தான் அங்கே வந்தாங்க. அங்கே 2024 வரை குறைந்தது 5 பேர் சேர்ந்து ஒரு குழுவா ஒரு வருஷத்துக்குப் பொறுப்பு எடுத்துக்க விண்ணப்பிக்க முடிஞ்சது. ஒருத்தர் சோர்ந்துபோனா இன்னொருத்தர் இருப்பார். நம்ம பாஷையில் சொன்னா, சிங்கிள் பாயிண்ட் ஆஃப் ஃபெயிலியர் இல்லை. வர்றவங்க ஸ்பான்சர் வீட்டிலேயே தங்கணும்னு கட்டாயமும் இல்லை. தனி வீடு பார்த்துக் கொடுக்கலாம். சமையலறையைப் பங்கு போட வேண்டாம் என்பது எவ்வளவு பெரிய நிம்மதி!

அதுக்காகப் பிரிட்டன் திட்டம் தோல்வின்னு நான் சொல்லல. ஸ்பான்சர்ஷிப் வழியா 1,50,000-க்கும் மேற்பட்டவங்க அங்கே வந்து சேர்ந்தாங்க. முன்பின் தெரியாதவங்களுக்கு இத்தனை பேர் கதவைத் திறந்தது சாதாரண விஷயமில்லை. ஆனா கதவைத் திறக்கிற மனசு இருந்தா மட்டும் போதாது. உள்ளே வந்தவங்க எப்போ வேணும்னாலும் பயமில்லாம வெளியே போகவும் முடியணும்.

அந்த அம்மா என்ன ஆனாங்கன்னு எங்களுக்குக் கடைசிவரை தெரியல. இப்பவும் ஒரு ஃபார்மில் 'தொலைபேசி எண்' கட்டம் போடும்போதெல்லாம், இது யார் கண்ணுக்குத் தெரியணும்னு ஒருதரம் நின்னு கேட்டுக்கறேன். நீங்களும் கேளுங்க. அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.