மாறிகளுக்கு முன்னறிவித்தல் வேண்டுமா?

கணினிக்கு இடப்படும் கட்டளைகளின் தொகுதியைச் செய்நிரல் என்பர். அச்செய்நிரலிலே, மாறிக்கொண்டிருக்கும் பெறுமானமொன்றைக் குறித்துவைப்பதற்கு இடப்படும் பெயர் மாறி எனப்படும். மாணவரின் புள்ளிகளைக் கூட்டுவதற்கு 'மொத்தம்' என்று ஒரு பெயர் வைத்தால், அது ஒரு மாறி. இப்பெயரைக் கையாளுமுன், 'இப்படியொரு பெயர் வரப்போகின்றது' என அறிவித்தே ஆகவேண்டுமென்று மொழி கட்டாயப்படுத்த வேண்டுமா? அன்றிப் பெயரைக் கண்டவுடன் தானாகவே ஏற்றுக்கொள்ள வேண்டுமா? சிறிதாகத் தோன்றும் இவ்வினாவைப் பற்றி அறிஞர் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக வழக்காடி வருகின்றனர்.

1957ஆம் ஆண்டிலே ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜோன் பக்கஸ் என்பவரின் தலைமையில் போர்ட்ரான் என்னும் மொழி உருவாயிற்று. அதில் சாதாரண மாறிகளை அறிவிக்க வேண்டியதில்லை. ஐ முதல் என் வரையுள்ள ஆங்கில எழுத்துகளுள் ஒன்றில் தொடங்கும் பெயர் நிறைவெண்ணைக் குறிக்கும். ஏனையவை தசம எண்களைக் குறிக்கும். கணிதவியலார் ஏற்கெனவே கைக்கொண்டிருந்த வழக்கத்துக்கு இஃது இயைந்ததாயிருந்தது. 1960இல் வெளியான அல்கோல் மொழியோ, ஒவ்வொரு மாறியையும் முன்னரே அறிவிக்க வேண்டுமென விதித்தது. 1970இல் நிக்கிளவுஸ் விர்த் அமைத்த பாஸ்கல் மொழியும் அவ்வழியே சென்றது.

அறிவித்தல் வேண்டுமென்போரின் நியாயம் யாது? பாடசாலையின் சேர்விடாப்பை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம். அதிற் பதியப்படாத பெயர் வரவு இடாப்பிற் காணப்பட்டால், ஆசிரியர் உடனே ஐயுறுவார். சேர்விடாப்பே இல்லாத பாடசாலையில், 'குமாரவேல்' என்பதைக் 'குமாரவேள்' எனப் பிழையாக எழுதினால், இல்லாத மாணவன் ஒருவன் தோன்றிவிடுவான். இருக்கும் மாணவன் வராதவன் ஆகிவிடுவான். எவரும் பொய் சொல்லவில்லை. ஆயினும் கணக்குப் பொய்த்துவிடும்.

செய்நிரலிலும் இதுவே நிகழும். பைதன் மொழியின் மூன்றாம் பதிப்பு 2008இல் வெளியானது முதல், அதில் மாறிகளுக்குத் தமிழெழுத்திலும் பெயரிடலாம். அம்மொழியில் முன்னறிவித்தல் இல்லை. 'மொத்தம்' என்பதிற் பூச்சியத்தை இட்டு, பின்னர் ஒவ்வொரு புள்ளியையும் கூட்டும் இடத்தில், விடையைப் பெறும் பெயரை 'மொதம்' என எழுதிவிட்டால், கணினி மறுப்பின்றிப் புதிய மாறியொன்றை ஆக்கிக்கொள்ளும். இறுதியில் 'மொத்தம்' யாதெனக் கேட்டால் பூச்சியம் என்னும். பெறுமானம் பெறாத பெயரை வாசிக்க முயன்றால் பைதன் பிழையென்று நின்றுவிடும் என்பது உண்மையே. எழுதும் இடத்து நேரும் தவற்றையோ அது காண்பதில்லை. பூச்சியம் வந்தால் பிழையெனத் தெரிந்துவிடும். நம்பத்தக்க, ஆனாற் பிழையான விடை வந்தால் யார் அறிவார்? மாணவனின் பெறுபேறும் ஊழியரின் சம்பளமும் இத்தகைய செய்நிரல்களில் தங்கியிருக்கின்றன.

போர்ட்ரானின் பழைய அமைப்பில் இன்னுமொரு விந்தை உண்டு. அது சொற்களுக்கிடையேயுள்ள வெற்றிடத்தைக் கருத்திற் கொள்வதில்லை. 'ஒன்று முதற் பத்து வரை திரும்பச் செய்க' என்னும் கட்டளையிற் காற்புள்ளிக்குப் பதிலாக முற்றுப்புள்ளி விழுந்தால், கட்டளைச் சொற்களெல்லாம் ஒட்டிக்கொண்டு புதிய மாறியாகிவிடும், அதில் 1.10 என்னும் பெறுமானம் இடப்பட்டுவிடும். அறிவித்தல் கட்டாயமாயிருப்பின் அக்கணமே பிழை பிடிபட்டிருக்கும். 1962 ஜூலை 22ஆம் திகதி அமெரிக்காவின் மரினர் 1 விண்கலம் அழிந்தமைக்கு இதனையே காரணமாகச் சிலர் கூறுவர், அது சரியன்று. வழிநடத்தற் குறிப்புகளில் ஒரு குறி விடுபட்டமையே அங்கு சுட்டப்பட்ட காரணம்.

மறுதரப்பிலும் நியாயம் உண்டு. 1964இல் டார்ட்மத் கல்லூரியில் ஜோன் கெமெனி, தோமஸ் கேர்ட்ஸ் ஆகிய இருவரும் பேசிக் மொழியை அமைத்தபோது, விஞ்ஞானம் பயிலாத மாணவரும் கணினியைக் கையாள வேண்டுமென விரும்பினர். வாசலிலேயே விதிகளை அடுக்கினால் புதிதாய் வருபவர் திரும்பிப் போய்விடுவர். பத்து வரியில் முடியும் கணக்குக்கு ஐந்து வரி அறிவித்தல் எதற்கு? மேலும், அறிவித்தல் எல்லாப் பிழைக்கும் மருந்தன்று. அறிவிக்கப்பட்ட இரு பெயர்களுள் ஒன்றிருக்க வேண்டிய இடத்தில் மற்றதை எழுதினால், எவ்விடாப்பும் அதைக் காட்டாது.

ஆயினும் காலம் கூறிய தீர்ப்பையும் நோக்குதல் வேண்டும். நெகிழ்ச்சியோடு பிறந்த மொழிகள் பல, வளர்ந்தபின் கட்டுப்பாட்டை வேண்டிப் பெற்றன. போர்ட்ரானின் 1990ஆம் ஆண்டுப் பதிப்பு, அறிவிக்காத பெயரை ஏற்கவேண்டாமெனச் செய்நிரலின் தலைப்பில் எழுத இடமளித்தது. 1995இற் பிறந்த ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு 2009இற் கண்டிப்பான முறையொன்று வகுக்கப்பட்டது. அதில் அறிவிக்காத பெயருக்குப் பெறுமானம் இடுவது பிழையாகும். செய்நிரல்கள் ஆயிரக்கணக்கான வரிகளாகப் பெருகி, ஒருவர் எழுதியதை மற்றொருவர் திருத்தும் நிலை வந்தபோது, தொடக்கத்தின் சௌகரியம் பின்னாளிற் சுமையாயிற்று.

இவ்வழக்கிற் பலர் மறந்துவிடும் வேறுபாடு ஒன்றுண்டு. பெயரை அறிவித்தல் வேறு. அப்பெயர் எவ்வகைப் பெறுமானத்தைத் தாங்கும் என அறிவித்தல் வேறு. 1970களில் றொபின் மில்னரும் அவர் கூட்டத்தாரும் அமைத்த எம்.எல். மொழி, பெயரை மட்டும் அறிவிக்கச் செய்து, அதன் வகையைத் தானே உய்த்துணர்ந்து கொண்டது. 2009இல் வெளியான கோ மொழியிற் புதுப்பெயரை அறிமுகஞ்செய்ய ஒரு குறியும், இருக்கும் பெயருக்குப் பெறுமானம் இட இன்னொரு குறியும் உள்ளன. எழுதுவோருக்கு இதனாற் கூடும் சுமை ஓர் எழுத்தளவே.

ஆகவே, சில நிமிடங்களில் எழுதி மறந்துவிடும் கணக்குக்கு நெகிழ்ச்சி தகும். பிறருடைய வாழ்வைத் தொடும் கணக்குக்கோ, பெயரைப் பதிந்த பின்னரே வழங்கவேண்டுமென்னும் விதியே தகும். வகையைக் கணினி உய்த்துணரலாம். எழுதியவர் கருதிய பெயர் எதுவென்பதை எழுதியவரே சொல்லவேண்டும்.