காரத் தண்ணீருக்கு ஏற்ற துணை மீன்



சென்ற பள்ளி விடுமுறையில் சிங்கப்பூருக்குப் போயிருந்தேன். லார்க்கினில் பஸ் ஏறிக் குவீன் ஸ்திரீட்டில் இறங்கினால், அங்கிருந்து தேக்காவுக்கு நடந்தே போய்விடலாம். சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில், ஓர் அடுக்குமாடி வீட்டில் என் தங்கை குடும்பம் இருக்கிறது. கூடத்திலே நான்கடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டி. அதற்குள் கற்பாறைகள், பாறைகளுக்கிடையே மஞ்சளும் நீலமுமாகப் பன்னிரண்டு மீன்கள். தொட்டிக்கு முன்னால் என் தங்கையின் மகன் முகம் வாடி உட்கார்ந்திருந்தான். பதினான்கு வயதுப் பையன். கண்ணாடியில் படியும் பாசியைத் தின்னும் என்று நம்பி, அவன் சேமித்த காசில் வாங்கிவிட்ட நான்கு சிறு மீன்களும் ஒரு வாரத்துக்குள் செத்துப்போய்விட்டன.

"மாமா, தொட்டி நிறையப் பாசி இருக்கு. பாசி தின்னுற மீனு எப்படி மாமா சாகும்?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், முதலில் அந்தத் தொட்டியின் சொந்தக்காரர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மஞ்சளும் நீலமுமான அந்த மீன்கள் சிக்லிட் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. பெயர் புதிதாக இருக்கலாம், உறவு பழையது. நம் தோட்டத்துக் குட்டைகளில் தூண்டில் போட்டுப் பிடிக்கிறோமே, திலாப்பியா, அதுவும் சிக்லிட்தான். ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் ஜாவாவிலிருந்து மலாயாவுக்கு வந்த மீன் அது. என் தங்கை மகன் வளர்ப்பவை ஆப்பிரிக்காவிலுள்ள மலாவி ஏரியின் மீன்கள். அந்த ஏரியின் தண்ணீர் காரத்தன்மை உடையது.

அமிலம், காரம் என்றால் என்ன? பால்மரம் சீவியவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. ரப்பர் பால் உறைய வேண்டுமானால் அமிலம் ஊற்றுவார்கள். உறையாமல் இருக்க வேண்டுமானால் மூக்கைத் துளைக்கும் அமோனியாவை ஊற்றுவார்கள். முன்னது அமிலம், பின்னது காரம். இந்தத் தன்மையை அளக்கும் கோலுக்குப் பி.எச். என்று பெயர். 7 என்பது நடு. அதற்குக் கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். ஒவ்வொரு படியும் பத்து மடங்கு வேறுபாடு என்பதை மறந்துவிடக் கூடாது. மலாவி ஏரியின் நீர் ஏறக்குறைய 7.8 முதல் 8.6 வரை இருக்கும். பையனின் தொட்டியைச் சொட்டு மருந்து விட்டுச் சோதித்துப் பார்த்தோம்; 8.2 காட்டியது.

செத்துப்போன நான்கும் ஓட்டோசின்கிளஸ் என்னும் தென் அமெரிக்க மீன்கள். விரல் நீளங்கூட இராது. உப்புச் சத்து குறைந்த, மென்மையான ஆற்று நீரில் பிறந்த இனம். அவற்றைப் பையிலிருந்து எடுத்த கையோடு காரத் தண்ணீரில் விட்டான். நீர் மாறியது ஒன்று. பெரிய மீன்கள் துரத்தித் துரத்திக் கடித்தது இன்னொன்று. சோறு நிறைய இருக்கிறது என்பதற்காக, மூச்சு முட்டும் வீட்டில் ஒருவர் குடியிருக்க முடியுமா?

அன்று மாலை இருவரும் தேக்காவில் நடந்தோம். அங்கே கம்போங் கப்போர் என்று ஒரு சாலை உண்டு. கப்போர் என்றால் மலாயில் சுண்ணாம்பு. அந்த வட்டாரத்தை நம் முன்னோர் சுண்ணாம்புக் கம்பம் என்றே அழைத்தார்கள். பெயர்ப் பலகையைப் பார்த்ததும் பையன், "வெத்தலைச் சுண்ணாம்பைத் தொட்டியில போட்டா காரம் கூடுமா மாமா?" என்றான். எனக்குச் சுருக்கென்றது. பல ஆண்டுகளுக்கு முன்னால் எங்கள் பள்ளித் தொட்டியில் அதே காரியத்தை நான் செய்தேன். ஒரு விரல் நுனிச் சுண்ணாம்புதான். மறுநாள் காலையில் பிள்ளைகள் ஓடிவந்து என்னை அழைத்துக் காட்டியபோது மீன்கள் எல்லாம் மல்லாந்து கிடந்தன. நீற்றிய சுண்ணாம்புக் கரைசலின் பி.எச். 12க்கும் மேல். அது ஒரே பாய்ச்சலாகக் காரத்தை ஏற்றிவிடும். அதற்குப் பதிலாக, கடையில் விற்கும் பவளத் தூளையோ சுண்ணாம்புக் கல்லையோ அடியில் பரப்ப வேண்டும். மீன் கழிவால் தண்ணீர் மெல்ல மெல்லப் புளிக்கத் தொடங்கும்போது, இந்தக் கல் சிறிது சிறிதாகக் கரைந்து அதை ஈடு செய்யும்.

காரத் தண்ணீருக்கு இன்னோர் ஆபத்து உண்டு. மீன் கழிவிலிருந்தும் அழுகிய உணவிலிருந்தும் வருவது அதே அமோனியாதான். அது தண்ணீரில் இரண்டு உருவத்தில் இருக்கும். ஒன்று அவ்வளவாகத் தீங்கு செய்யாது. மற்றது கொடிய நஞ்சு. 25 பாகை வெப்பத்தில் பி.எச். 7 ஆக இருந்தால், நூற்றில் அரைப் பங்குதான் நஞ்சாக இருக்கும். 8 ஆனால் ஐந்து பங்குக்குமேல். 9 ஆகிவிட்டாலோ ஏறக்குறைய 36 பங்கு. ஆகவே இப்படிப்பட்ட தொட்டியில் பாசியைத் தின்ன ஒரு பெரிய மீனை விட்டு, அது போடும் கழிவைச் சேர்த்துக்கொள்வது, கொசுவை விரட்ட வீட்டைக் கொளுத்துவது போன்றது.

அந்தப் பெரிய மீன் எது? நமக்குத் தெரிந்த பண்டாராயா மீன்தான். பண்டாராயா என்றால் மாநகராட்சி. குப்பை கூட்டும் என்று யாரோ வேடிக்கையாக வைத்த பெயர். மூன்று விரல் அளவில் வாங்குவார்கள். அது ஓரடிக்குமேல் வளர்ந்துவிடும். பிறகு இடமில்லை என்று கொண்டுபோய்க் கால்வாயில் விடுவார்கள். கிள்ளான், லங்காட் ஆறுகளில் இன்று அது பெருகிக் கிடப்பது இப்படித்தான். சிங்கப்பூரில் நீர்த்தேக்கத்திலோ கால்வாயிலோ மீனை விடுவது சட்டப்படி குற்றம்.

சீனப் பாசித்தின்னி என்று இன்னொன்று விற்கிறார்கள். அது தாய்லாந்து, மேக்கோங் பக்கத்து மீன், பெயரில்தான் சீனம். குட்டியாக இருக்கும்போது பாசி தின்னும். வளர்ந்தபின் பாசியை விட்டுவிட்டு, மற்ற மீன்களின் விலாவில் ஒட்டிக்கொண்டு மேல்வழுவழுப்பை உறிஞ்சும். வேண்டவே வேண்டாம்.

டங்கனீக்கா ஏரியின் புள்ளிக் கெளுத்திக்குக் காரத் தண்ணீர் பிறந்த வீடு. ஆனால் பாசியை அது பெரிதாகத் தின்னாது. அது ஒரு தந்திரக்கார மீன். சில சிக்லிட் தாய்கள் முட்டையை வாயில் வைத்து அடைகாக்கும். இந்தக் கெளுத்தி தன் முட்டையை அவற்றோடு கலந்துவிட்டு, குயிலைப்போல ஓடிவிடும்!

பிறகு எதைத்தான் விடுவது? மறுநாள் சிராங்கூன் நார்த் அவென்யூ 1இல் உள்ள அலங்கார மீன் கடைகளுக்குப் போனோம். "பாசி தின்னுமா என்று கேட்காதே தம்பி, கடையில் எந்தத் தண்ணீரில் வைத்திருக்கிறீர்கள் என்று முதலில் கேள்" என்று சொல்லிக் கூட்டிப் போனேன். நாங்கள் தேடியது பிரிஸில்நோஸ் என்னும் மீசைக்காரன். இதுவும் தென் அமெரிக்க இனந்தான். ஆனால் தலைமுறை தலைமுறையாகத் தொட்டியிலேயே பிறந்து வளர்ந்ததால், 8ஐ ஒட்டிய காரத்துக்கு மெதுவாகப் பழகிக்கொள்ளும். உடம்பில் கவசம் உண்டு. ஐந்தங்குலத்துக்குமேல் வளர்வது அரிது. காரத் தண்ணீரிலேயே வைத்திருந்த கடையில், இரண்டரை அங்குலத்தில் ஒன்றே ஒன்று வாங்கினோம். இரண்டு ஆண் மீன்கள் சேர்ந்தால் சண்டை. வீட்டுக்கு வந்து, மெல்லிய குழாய் வழியாகத் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் பையில் இறக்கி, ஒன்றரை மணி நேரம் பொறுத்துத்தான் உள்ளே விட்டோம். ஒளிந்துகொள்ள உடைந்த மண்சட்டி ஒன்று வைத்தோம். மரக்கட்டையை அது விரும்பிச் சுரண்டும். ஆனால் கட்டை அதிகமானால் காரம் குறைந்துவிடும். இரவில் விளக்கணைத்தபின் ஒரு வெள்ளரிக்காய்த் துண்டு. விடிந்ததும் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும்.

கூடவே நெரைட் என்னும் நத்தை ஐந்து. அமில நீரில் நத்தை ஓடு அரித்துப்போகும். காரத் தண்ணீரில் உறுதிப்படும். இதன் குஞ்சுகள் வளர உப்புக் கலந்த நீர் வேண்டுமாதலால், தொட்டியில் பெருகித் தொல்லை தராது. வெள்ளைப் புள்ளியாக முட்டைகள் ஒட்டிக் கிடக்கும், அவ்வளவுதான். மல்லாந்து விழுந்தால் நிமிர்த்தி விடுங்கள்.

இத்தனையும் செய்தாலும், வெளிச்சம் பன்னிரண்டு மணி நேரம் எரிந்து, தீனியும் அள்ளிக் கொட்டப்பட்டால் எந்த மீனாலும் பாசியை ஒழிக்க முடியாது. விளக்கை எட்டு மணி நேரமாகக் குறைக்கச் சொன்னேன். வாரம் ஒரு முறை கால் பங்குத் தண்ணீரை மாற்ற வேண்டும். சிங்கப்பூர்க் குழாய் நீரில் ஒரு பகுதி நம் ஜொகூர் ஆற்றிலிருந்து போவதுதான், 1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி. ஆனால் அங்கே சுத்திகரிக்கும்போது குளோரமின் சேர்க்கிறார்கள். இரவெல்லாம் வாளியில் வைத்தாலும் அது போகாது. அதற்கென்று விற்கும் மருந்தை அளவோடு ஊற்றித்தான் தொட்டியில் விட வேண்டும்.

இன்னொன்றையும் அவனுக்குக் காட்டினேன். அந்த மஞ்சள், நீல மீன்களுக்கு ஆப்பிரிக்காவில் முபுனா என்று பெயர், பாறைகளுக்கிடையே வாழ்பவை. ஏரியில் அவற்றில் பெரும்பாலானவற்றின் முக்கிய உணவே பாறையில் படியும் பாசிதான். தொட்டியிலும் அவை பாறையைக் கொறித்துக்கொண்டே இருந்தன. பையன் இதுவரை அதைக் கவனிக்கவில்லை. புழுவும் இறைச்சியும் அதிகம் கொடுத்தால் இவற்றுக்கு வயிறு ஊதிச் சாகும் நோய் வரும்.

மூன்று மாதம் கழித்து மறுபடியும் போனேன். மீசைக்காரன் சட்டிக்குள் சுகமாக இருந்தது. முன்பக்கக் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. பாறைகளும் பின்பக்கமும் பச்சைப் பசேல். "இதையும் தேய்ச்சாத்தான் என்ன?" என்று என் தங்கை அலுத்துக்கொண்டாள். பையன் தலையைத் தூக்காமலே, "அது அதுங்களோட சாப்பாடும்மா" என்றான்.