கடைச் சிப்பந்தி குற்றவாளியல்ல!

(கொழும்பில் நடைபெற்ற கடைச் சிப்பந்திகளின் கூட்டமொன்றில் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது சம்பள உயர்வல்ல, போனசுமல்ல. வேலைக்குப் போகும் வழியிலும், வேலை செய்யும் இடத்திலும், இரவு படுக்கும் அறையிலும் பொலிஸாரின் சந்தேகத்துக்கு ஆளாகி வந்த தொழிலாளியைப் பற்றியே பேசப் போகிறேன். "இதெல்லாம் தொழிற்சங்கம் பேசவேண்டிய விஷயமா?" என்று சிலர் கேட்கிறார்கள். ஆம் என்பதே எனது பதில். ஏன் என்பதையும் சொல்கிறேன்.

இந்தத் தொழிலாளி யார்? புறக்கோட்டை மொத்தக் கடைகளில் மூட்டை சுமப்பவன். செட்டியார் தெரு நகைக் கடைகளில் நின்றபடி நாளைக் கழிப்பவன். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் சாப்பாட்டுக் கடைகளில் அடுப்பின் முன் வேகுபவன். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்தவர்கள் உண்டு. ஹட்டன், நுவரெலியா, பதுளைப் பகுதித் தோட்டங்களின் லயங்களிலிருந்து வந்தவர்களும் ஏராளம். கடைக்கு மேலேயுள்ள அறையில் ஐந்து பேர், ஆறு பேர் என்று பாய் விரித்துப் படுப்பவர்கள். வாடகைச் சீட்டு அவர்கள் பெயரில் இராது. நியமனக் கடிதம் கொடுக்கப்பட்டிராது. ஆகவே "நீ இங்கே என்ன செய்கிறாய்?" என்று பொலிஸ் கேட்டால், காட்டுவதற்கு ஒரு துண்டுக் காகிதமும் அவர்களிடம் இராது.

1990களின் கடைசியில் நானும் புறக்கோட்டையில் ஒரு கடையில் சிப்பந்தியாக இருந்தவன். சுற்றிவளைப்பு நடக்கும் இரவுகளில் எங்களை வீதியில் வரிசையாக நிறுத்துவார்கள். "நேற்று எங்கே இருந்தாய்? என்ன செய்தாய்?" என்று யாரும் கேட்டதில்லை. பெயர் என்ன, ஊர் எது என்ற இரண்டு கேள்விகள்தான். அந்த இரண்டுக்கும் உண்மையான பதிலைச் சொன்னவனே லொறியில் ஏற்றப்பட்டான். ஒருவன் செய்த காரியத்தை வைத்து அல்ல, அவன் பேசும் மொழியை வைத்தே அவனைக் குற்றவாளியாகக் கருதினார்கள்.

இதற்குக் கையிலிருந்த ஆயுதங்கள் இரண்டு. ஒன்று அவசரகால விதிகள். மற்றது 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம். "தற்காலிக ஏற்பாடு" என்று பெயர் சூட்டிக் கொண்டுவந்த அந்தச் சட்டத்தை 1982இல் நிரந்தரமாக்கினார்கள். அமைச்சரின் கட்டளை ஒன்றினால் ஒருவரை விசாரணையின்றி 18 மாதம்வரை தடுத்து வைக்கலாம். உயர் பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தையே அவருக்கு எதிரான சாட்சியமாக்கலாம் என்றது அச்சட்டம். அந்த வாக்குமூலமோ பெரும்பாலும் சிங்களத்தில் எழுதப்பட்டது. தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்தவன் அதன் கீழ் கையொப்பமிட்டான். அவசரகால நிலை 2011இல் முடிவுற்றது. பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கு 2022இல் வந்த திருத்தமோ 18 மாதத்தை 12 மாதமாக்கியது.

"கொழும்பில் குண்டு வெடிக்கவில்லையா? பொலிஸ் சோதனை செய்யாமல் என்ன செய்யும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், மழுப்பாமல் பதில் சொல்லவேண்டும். 1996 ஜனவரி 31ஆந் திகதி மத்திய வங்கிக் குண்டுவெடிப்பில் ஏறத்தாழ 90 பேர் மாண்டனர். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். அந்தக் கொடுமையை நாம் மூடிமறைக்கவில்லை. குண்டு வைத்தவனைத் தேடுவது பொலிஸின் கடமை. ஆனால் தேடுவதற்குத் தடயம் வேண்டும், தகவல் வேண்டும். ஒரு நகரத்துத் தமிழர் அனைவரையும் சந்தேக நபர்களாக எழுதிவைத்தால், அந்தப் பட்டியலில் யாரைக் கண்டுபிடிக்க முடியும்? எல்லாரும் சந்தேக நபர் என்றால் விசாரணை என்பதே இல்லை; மிஞ்சுவது மிரட்டல்தான்.

அந்த மிரட்டல் எங்கே கொண்டுபோய் விட்டது? 2007 ஜூன் 7ஆந் திகதி அதிகாலையில் கொழும்பின் லொட்ஜுகளுக்குள் பொலிஸார் புகுந்தனர். அங்கே தங்கியிருந்த தமிழர்களை மூட்டை கட்டச் சொல்லி பஸ்களில் ஏற்றி, வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினர். அரசாங்கக் கணக்கின்படியே 376 பேர். அவர்களில் 85 பேர் பெண்கள். கொழும்பில் தங்குவதற்குத் தகுந்த காரணம் இல்லாதவர்கள் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். வேலை தேடி வந்ததும், வைத்தியத்துக்கு வந்ததும் காரணமாகத் தோன்றவில்லை போலும்! மறுநாளே, மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவின் மீது, உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிரதமர் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். பலர் திரும்பக் கொண்டுவரப்பட்டனர். நீதிமன்றத்தை நாடியதால்தான் அந்த அநியாயம் ஒரே நாளில் நின்றது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அடுத்த ஆண்டு, 2008 செப்டெம்பரில், வடக்கிலிருந்து ஐந்தாண்டுகளுக்குள் வந்து மேல் மாகாணத்தில் தங்கியிருப்போர் பொலிஸில் பதிய வேண்டும் என்றார்கள். "பதிவதில் என்ன நஷ்டம்?" என்று கேட்டவர்கள் 1983 ஜூலையை மறந்தவர்கள். அன்று கும்பல்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டே தமிழரின் வீடுகளைத் தேடிச் சென்றன. இனம் பிரித்து எழுதிய ஒரு பட்டியல் யார் கையில் போய்ச் சேரும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது.

மலையகத் தொழிலாளியின் கதை இன்னொரு விதம். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவன் பாட்டனை நாடற்றவனாக்கியது. 1964இல் இரண்டு பிரதமர்கள் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதரைப் பங்கு பிரித்தார்கள். எஞ்சியவர்களின் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் தீர்வுக்கு வந்தது. 1972 முதல் தேசிய அடையாள அட்டை வழங்கப்பட்டு வந்தபோதும், பிறப்புச் சான்றிதழ் இல்லாத தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு அது கிட்டவில்லை. முதலில் பத்திரம் கொடுக்க மறுத்த அரசு, பிறகு பத்திரம் எங்கே என்று கேட்டு அவனைப் பிடித்தது!

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பயத்தினால் லாபம் அடைந்தவர் யார்?

1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி வேலை என்கிறது. வாரத்தில் ஒன்றரை நாள் லீவு என்கிறது. வேலை நிபந்தனைகளை எழுத்தில் கொடு என்கிறது. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம் கட்டவேண்டும். நான் வேலை செய்த கடையில் இவற்றில் ஒன்றும் இல்லை. கேட்டதற்குக் கிடைத்த மறுமொழி என்ன தெரியுமா? "வெளியே போ, பொலிஸ் பிடித்துக்கொண்டு போகும்!" சொன்னவரும் தமிழர்தான். பிடிபட்ட பையனைக் காட்டி, "இவன் என் ஆள்" என்று சொல்ல அவர் வரவில்லை. சொன்னால் சேமலாப நிதிக் கணக்கையும் காட்ட வேண்டி வருமே! ஆகவே பொலிஸ் நிலையமும் கல்லாப்பெட்டியும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை அல்ல. பயந்த தொழிலாளி மலிவான தொழிலாளி. இதனால்தான் இது சங்கம் பேசவேண்டிய விஷயம் என்கிறேன்.

சிங்களச் சகோதரர்களும் இதைக் கவனிக்கவேண்டும். 1971இலும், 1987 முதல் 1989 வரையிலும், தெற்கின் கிராமத்து இளைஞன் என்பதே சந்தேகத்துக்குப் போதுமாக இருந்தது. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளின் பிறகு அதே பார்வை முஸ்லிம்கள் மீது திரும்பியது. சட்டையில் இருந்த கப்பல் சுக்கானின் படத்தைத் தர்மச் சக்கரம் என்று கருதி ஒரு முஸ்லிம் பெண்ணைக் கைது செய்து வாரக் கணக்கில் மறியலில் வைத்தார்கள். "இம்முறை நாமல்ல" என்று நம்மவர் சிலர் ஆறுதல் கொண்டதை நான் கேட்டிருக்கிறேன். அது வெட்கப்படவேண்டிய ஆறுதல். ஒருவனுக்காக வெட்டிய குழியை மூடாமல் விட்டால், அடுத்தவன் அதில் விழுவான்.

நாம் செய்யவேண்டியது என்ன?

முதலாவது, ஒவ்வொரு சிப்பந்தியும் நியமனக் கடிதம் கேட்டுப் பெறவேண்டும். தனியாகக் கேட்டால் வேலை போகும். ஒரு தெருவின் கடைகள் எல்லாம் சேர்ந்து கேட்டால் போகாது. மறுக்கும் முதலாளி மீது தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்யவேண்டும்.

இரண்டாவது, சட்டத்தை அறிந்திருக்கவேண்டும். கைதுக்கான காரணத்தைச் சொல்லவேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை. இனத்தின் பேரில் பாரபட்சம் காட்டலாகாது என்கிறது 12ஆவது. சாதாரணச் சட்டத்தின் கீழ் 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் நிறுத்தவேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைது செய்தால் 48 மணி நேரத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்கவேண்டும். உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யவேண்டும். அந்த ஒரு மாதத்தைத் தவறவிட்டுக் கைவிரித்தவர்கள் அநேகர்.

மூன்றாவது, ஒருவன் பிடிபட்டால் அந்த இரவே இரண்டு பேர் பொலிஸ் நிலையத்துக்குப் போகவேண்டும். அந்த இருவரில் ஒருவர் சிங்களத் தோழராக இருக்கட்டும். "இவன் எங்களோடு வேலை செய்பவன், இவனை எங்களுக்குத் தெரியும்" என்று அவர் சொல்லும் ஒரு வார்த்தை, பத்துப் பத்திரங்களுக்குச் சமம்.

தோழர்களே! நாம் சலுகை கேட்கவில்லை. குற்றம் செய்தவனைப் பிடிக்காதே என்றும் சொல்லவில்லை. உழைத்துப் பிழைக்க வந்தவனின் பெயரையும் ஊரையும் மொழியையும் குற்றமாக்காதே என்கிறோம். நாளைக் காலையில் கடை திறக்குமுன் பக்கத்துக் கடைச் சிப்பந்தியிடம் போய், "உன் கையில் நியமனக் கடிதம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். வேலையை அங்கிருந்து தொடங்குவோம்.