நம் தெருவின் திட்டம் நம் கையில்



ஞாயிற்றுக்கிழமை மாலை, அதுவும் கிரிக்கெட் ஸ்டேடியம் இருக்கும் ஊரில், வடிகாலைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று அழைத்தால் நாலு வரிசை நாற்காலிகூட நிரம்பாது என்று நினைத்தேன். மண்டபம் நிறைந்திருக்கிறது. 2020 அக்டோபர் வெள்ளத்தை ஹைதராபாத்தின் இந்த உப்பல் மறக்கவில்லை என்பது புரிகிறது.

அந்த மாதம் 13ஆம் தேதி, பக்கத்தில் இருக்கும் கட்கேசரில் ஒரே நாளில் 32 சென்டிமீட்டர் மழை. ராமந்தாபூர் ஏரி நீர் ஹப்சிகூடா காலனிகளுக்குள் புகுந்தது. மழையை நிறுத்தி வைக்க எந்த அரசாலும் முடியாது. ஆனால் ஏரி நிரம்பினால் தண்ணீர் எந்தச் சந்து வழியாக இறங்கும், எந்த வீட்டு மதிலில் முட்டித் திரும்பும் என்பது அங்கே முப்பது வருடம் குடியிருக்கும் பெரியவருக்குத் தெரியும். கேட்டுப் பாருங்கள், சுவரில் தண்ணீர்க் கறை படிந்த உயரத்தைக் கையை வைத்தே காட்டுவார். நான் கேட்பது ஒன்றே ஒன்று: அந்தப் பெரியவருக்குத் தெரிந்தது எந்த அலுவலகக் கோப்பில் எழுதப்பட்டிருக்கிறது?

நான் அதிகாரிகளைக் குறை சொல்ல வரவில்லை. ஹைதராபாத் பெருநகர வளர்ச்சி ஆணையத்தின் எல்லை பல ஆயிரம் சதுர கிலோமீட்டர். அவ்வளவு பெரிய வரைபடத்தில் நம் தெருவின் மூடி இல்லாத சாக்கடைத் தொட்டி எப்படித் தெரியும்? பெரிய வேலைகள் அவர்களால்தான் நடக்கும். உப்பல் ரிங் ரோட்டில் 2023 ஜூனில் ஸ்கைவாக் திறந்தார்கள். வாரங்கல் சாலையை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்தவர்கள் இன்று மேலே நிம்மதியாக நடக்கிறார்கள். பாராட்டுவோம். ஆனால் படி இறங்கி வீட்டுக்குப் போகும் அரைக் கிலோமீட்டரில் நடைபாதை இருக்கிறதா, விளக்கு எரிகிறதா, கைக்குழந்தையோடு ஒரு தாய் எங்கே ஒதுங்கி நிற்பார்? அந்த அரைக் கிலோமீட்டருக்கு யார் திட்டம் போடுவது? நாம்தான் போட வேண்டும்.

மக்களே திட்டம் போடுவது ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று எண்ண வேண்டாம். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு அங்கே இருக்கிறது, ஆயிரத்து நூறு ஆண்டுப் பழமை. ஊரை 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாக, பிரித்து, குடவோலை முறையில் ஆள் தேர்ந்தெடுத்தார்கள். ஏரிக்கென்றே தனி வாரியம் வைத்தார்கள். கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மறுபடி நிற்க முடியாது என்று கல்லிலேயே வெட்டினார்கள். கைதட்டுகிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். அதே கல்வெட்டுப்படி, சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் இல்லாதவனுக்கு அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. அவர்களிடமிருந்து கணக்குக் காட்டும் வழக்கத்தை எடுத்துக்கொள்வோம், இந்தக் கதவடைப்பை விட்டுவிடுவோம்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியதில்லை. இதே ஹைதராபாத்தில் 1967ல் நகரச் சமுதாய வளர்ச்சித் திட்டம் என்று ஒன்று தொடங்கினார்கள். ஊழியர்கள் பஸ்திக்குள், அதாவது குடிசைப் பகுதிக்குள், போய், உங்களுக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேட்டார்கள். ஓரிடத்தில் பாலவாடி, ஓரிடத்தில் தையல் வகுப்பு. பிறகு பட்டாவும் வங்கிக் கடனும் கிடைக்க, குடிசைவாசிகள் தாங்களே முன்நின்று வீடு கட்டிக்கொண்டார்கள். ஏழை ஜனங்களுக்குத் திட்டம் போடத் தெரியாது என்று சொன்னவர்களுக்கு இந்த நகரம் அன்றைக்கே பதில் சொல்லிவிட்டது.

மற்ற இடங்களையும் பாருங்கள். கேரளம் 1996ல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியபோது, மாநிலத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியது. இங்கிலாந்தில் 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு வட்டாரத்து மக்கள் தாங்களே திட்டம் எழுதி வாக்கெடுப்பில் வென்றால் அதற்குச் சட்ட மதிப்பு உண்டு. அதன் பிறகு அந்த வட்டாரத்தில் கட்டடம் கட்டுபவர்கள் செலுத்தும் உள்கட்டமைப்பு வரியில் கால் பங்கு உள்ளூர் வேலைக்கே வரும். திட்டம் எழுதாத ஊருக்கு 15 சதவீதம்தான். எழுதி வைத்தவனுக்குக் கூடுதல் பணம்! தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று நகரங்களிலும் பகுதி சபை கூடியது. பம்மலில் நடந்த சபையில் அன்றைய முதலமைச்சரே உட்கார்ந்து குறை கேட்டார்.

"சார், நாம் எழுதிக் கொடுத்தால் கேட்டுவிடுவார்களா?" என்று பின்வரிசையில் ஒரு தம்பி முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி. தனி ஆள் கொண்டுபோகும் மனுவை மேஜை டிராயரில் போடுவது சுலபம். இருநூறு வீடு கையெழுத்திட்டு, வரைபடமும் மதிப்பீடும் இணைத்து, எது முதலில் எது பிறகு என்று வரிசைப்படுத்திய திட்டத்தை அப்படிப் போட முடியாது. வார்டு கார்ப்பரேட்டருக்கும் அது வசதி. பணம் வரும்போது எதைச் செய்வது என்று அவர் தேட வேண்டாம். புதிதாகப் போட்ட சிமென்ட் ரோட்டை மறு மாதமே குழாய்க்காகத் தோண்டும் கூத்தும் குறையும். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. என் வாசலில் குப்பைத் தொட்டி வேண்டாம், உன் வாசலில் வை என்கிற சண்டையை ஜே.சி.பி. வந்து நின்ற பிறகு போடாமல், காகிதத்தின் மேலேயே போட்டுத் தீர்த்துவிடலாம்.

எப்படித் தொடங்குவது? ஒரு சார்ட் பேப்பர், மூன்று நிறப் பேனா, ஒரு காலைப் பொழுது. தண்ணீர் நிற்கும் இடத்துக்கு நீலம், ஆபத்தான இடத்துக்குச் சிவப்பு, காலி இடத்துக்கும் மரத்துக்கும் பச்சை. ஏரிக்குப் போகும் நாலாவை, அதாவது கால்வாயை, ஆரம்பம் முதல் முடிவு வரை நடந்தே பாருங்கள். காலனி சங்கத் தலைவரும் செயலாளரும் மட்டும் நடந்தால் போதாது. இஸ்திரி வண்டிக்காரர், ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன், வாட்ச்மேன் குடும்பம், மாடி போர்ஷனில் வாடகைக்கு இருக்கும் பிள்ளைகள், வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்கள் எல்லோரும் வேண்டும். தெருவிளக்கு எரியாத இடம் எது என்று காலை ஐந்தரை மணிக்கு வேலைக்கு நடந்து வரும் அம்மாவுக்குத் தெரிவதுபோல், காரில் போகும் நமக்குத் தெரியாது.

பிறகு குறித்தவற்றைப் பட்டியலிட்டு மூன்றாகப் பிரியுங்கள்: நாமே செய்யக்கூடியது, வார்டு அலுவலகம் செய்ய வேண்டியது, அரசு செய்ய வேண்டியது. முதல் பட்டியலில் உள்ளதை முதலில் செய்து காட்டுங்கள். மற்ற இரண்டையும் கேட்கும்போது நம் குரலுக்கு ஒரு கனம் இருக்கும். 2023லேயே ஜி.எச்.எம்.சி., அதாவது ஹைதராபாத் மாநகராட்சி, வார்டுக்கு ஓர் அலுவலகம் திறந்தது. உங்கள் வார்டு அலுவலகத்தில் கொடுத்து, முத்திரையோடு ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, எது நடந்தது எது நடக்கவில்லை என்று தெருமுனையில் எழுதி ஒட்டுங்கள். கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்கக் கூடாது என்ற உத்திரமேரூர் விதி நமக்கும் பொருந்தட்டும்.

தமிழ் பேசும் நம்மில் பலர் பிழைப்புக்காக இங்கே வந்தவர்கள். இது நம்ம ஊரா என்ற தயக்கம் சிலருக்கு இருக்கலாம். வரி கட்டுகிறோம், பிள்ளைகள் இங்கே படிக்கிறார்கள், வெள்ளமும் தெலுங்கு வீடு, தமிழ் வீடு என்று பார்த்து வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வரைபடத்தோடு இறங்குங்கள். அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் உப்பலின் ஒவ்வொரு காலனியும் தன் திட்டத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். இங்கிருந்து கலைவதற்கு முன், உங்கள் தெருவிலிருந்து யார் பொறுப்பெடுப்பது என்று முடிவு செய்து வாசலில் உள்ள நோட்டில் பெயரை எழுதிவிட்டுப் போங்கள்.