வெந்நீர்க் கலத்தைப் பேணுதல்

குளியலறைச் சுவரில் தொங்கும் வெந்நீர்க் கலத்தைக் கீசர் என்கிறோம். ஐஸ்லாந்து நாட்டில் பீறிட்டெழும் கெய்சிர் என்னும் வெந்நீர் ஊற்றின் பெயரே இக்கருவிக்கு வழங்கலாயிற்று. நாள்தோறும் அதன் சுவிட்சை அழுத்துகிறோம்; அதனுள் நிகழ்வது யாதென எண்ணிப் பார்ப்போர் சிலரே.

நம் ஊர்கள் பலவற்றில் ஆழ்குழாய்க் கிணற்று நீர் கடினநீராகும். அதில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட், சூடேறுங்கால் சிதைந்து, கரியமில வாயுவை வெளிவிட்டுக் கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. வெந்நீர்த் தவலையின் உட்புறத்தில் நம் பாட்டிமார் புளியிட்டுத் தேய்த்த வெள்ளைப் படிவு இதுவே. புளியின் அமிலம் அதனைக் கரைத்தது. கலத்தினுள் இப்படிவு, சூடு மிகுந்த மின்சுருளின்மீது ஏறுகிறது. அது வெப்பத்தை எளிதிற் கடத்தாது. ஆகவே சுருள் அளவுக்கு மீறிக் காய்ந்து, ஈற்றில் பழுதாகிறது.

கலங்கள் பலவற்றினுள் மக்னீசியக் கோல் ஒன்றும் உண்டு. இரும்புக்கு முன்னே தான் அரிபட்டுக் கலத்தைக் காப்பது அதன் பணி. கப்பல்களின் செப்புத் தகட்டைக் காக்க 1824-ஆம் ஆண்டில் ஹம்ப்ரி டேவி எடுத்துரைத்த முறையும் இத்தகையதே. கோல் தேய்ந்து தீர்ந்தபின் கலமே அரிபடத் தொடங்கும்.

ஆதலின் ஆண்டுக்கு ஒருமுறையேனும் கலத்தை வடித்துக் கழுவுதல் நன்று. முதலில் மின்சாரத்தை மெயினிலேயே நிறுத்துக. நீர் நன்கு ஆறும்வரை பொறுத்திருக்க. பின்னர்க் குளிர்நீர் வரும் குழாயை அடைத்து, வெந்நீர்க் குழாயைத் திறந்து வைக்க. காற்று உட்புகுந்தாலன்றி நீர் தாராளமாக வடியாது. அடியிலுள்ள வடிகுழாய் வழியே நீரை வெளியேற்றுக. சிறிது புதுநீர் விட்டு, தெளிந்த நீர் வரும்வரை கழுவுக. மீண்டும் நிரப்புங்கால், வெந்நீர்க் குழாயில் இடையறாது நீர் ஒழுகிய பின்னரே மின்சாரத்தைச் செலுத்துக. வெறுங்கலத்தில் சுருள் நொடியிற் கெடும். கலத்தைத் திறந்து சுருளையும் கோலையும் கழற்றுதல் பயிற்சி பெற்ற மின்பணியாளர்க்கே உரியது.

இனி, மிக இன்றியமையாத ஒன்று. அண்மையில் நான் சென்ற ஓர் இல்லத்தில், கலத்தின் பாதுகாப்பு வால்விலிருந்து நீர் சொட்டுகிறதென்று அதன் வாயை மரத்தக்கையால் அடைத்திருந்தனர். 25 லிட்டர் நீர் 25 பாகையிலிருந்து 60 பாகை சென்டிகிரேடுக்குச் சூடேறினால் ஏறக்குறைய 350 மில்லி லிட்டர் பெருகும். பின்னோக்கிச் செல்ல வழியில்லாதபோது, அந்நீர் வால்வின் வழியே சொட்டுதல் இயல்பு. சூடேறாத வேளையிலும் ஓயாது ஒழுகினால் வால்வை மாற்றவேண்டுமேயன்றி அடைத்தலாகாது. வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் என்றேனும் பழுதானால், அடைபட்ட கலத்தில் நீர் 100 பாகையையும் கடந்து சூடேறும். கலம் வெடிக்குமாயின் அந்நீரில் ஒரு பகுதி நொடியில் ஆவியாகும். ஆவியாகும் நீர் ஏறத்தாழ 1,600 மடங்கு விரியும். அவ்விடத்தில் நிற்போர் உயிர் தப்புதல் அரிது. அவ்வீட்டார் இதனைக் கேட்டதும் தக்கையை அகற்றி, சொட்டும் நீர் வடிய ஒரு சிறு குழாயைப் பொருத்தினர்.

இன்று இல்லம் சென்றதும் உங்கள் கலத்தின் வால்வைக் கூர்ந்து நோக்குங்கள். அதன் வாய் அடைபட்டிருப்பின், சுவிட்சைப் போடவேண்டாமென்று தடுத்து, உடனே பெற்றோரிடம் காரணத்துடன் எடுத்துரையுங்கள். நீங்கள் பயின்ற விஞ்ஞானம் உங்கள் இல்லத்தாரைக் காக்க உதவட்டும்.