தீக்கதவும் சான்றிதழும்
(எருமப்பட்டியில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

"உன் தொழிலைப் பத்திப் பத்து நிமிசம் பேசுப்பா" என்றார் சங்கச் செயலாளர். என் தொழில் கதவு பார்ப்பது. சிரிக்காதீர்கள்! மருத்துவமனை, விடுதி, அடுக்குமாடிக் கட்டடங்களில் மாடிப்படிக்கும் லிஃப்ட் வாசலுக்கும் போடுகிற தீத்தடுப்புக் கதவு விதிப்படி இருக்கிறதா என்று பார்த்து எழுதித் தருவது.

அது ஏன் முக்கியம்? 2011 டிசம்பர் 9 அன்று கல்கத்தா ஆம்ரி மருத்துவமனையில் அடித்தளத்தில் தீப்பிடித்தது. சுமார் 90 பேர் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது தீ அல்ல, மேல் மாடிகளுக்கு ஏறிய புகை. அந்தப் புகையை வழியிலேயே நிறுத்தி, ஆட்கள் இறங்க நேரம் வாங்கித் தருவதுதான் தீக்கதவின் வேலை.

இந்தக் கதவை எப்படிச் சோதிக்கிறார்கள்? நிலை, கீல், பூட்டு எல்லாவற்றோடும் சேர்த்து ஓர் உலையின் வாயில் பொருத்துவார்கள். உலையின் வெப்பம் அரை மணியில் சுமார் 840 டிகிரி, ஒரு மணியில் 945, இரண்டு மணியில் 1049 டிகிரி செல்சியஸ். தீயை மறுபுறம் விடாமல் எத்தனை நிமிடம் நின்றது என்பதே அதன் மார்க். நம் நாட்டில் இதற்கான தரம் ஐ.எஸ். 3614. மாடிப்படி, லிஃப்ட் முன்கூட வாசல்களுக்கு 120 நிமிடக் கதவு வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு.

இங்கேதான் ஒரு சிக்கல். சோதனையில் எரிந்தது ஒரு கதவு. நம் சுவரில் நிற்பது அதன் தம்பி. அண்ணன் பாஸ் பண்ணினால் தம்பியும் பாஸா?

லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 2017 ஜூன் 14 அன்று பிடித்த தீயால் 72 உயிர்கள் போயின. பிறகு அங்கிருந்து எடுத்த ஒரு வீட்டுக் கதவைச் சோதித்தார்கள். 30 நிமிடம் தாங்க வேண்டியது, சுமார் 15 நிமிடம்தான் தாங்கியது.

நம்ம நாமக்கல் பக்கத்துக்காரர்களுக்கு லாரியை வைத்துச் சொன்னால் சட்டென்று விளங்கும். எஃப்.சி.க்குப் போனால், "நல்ல கம்பெனி சேஸிஸுங்க, பில்லு இருக்குதுங்க" என்றால் விடுவார்களா? அந்த வண்டியையே நிறுத்தி, பிரேக்கைப் பார்ப்பார்கள், விளக்கைப் பார்ப்பார்கள். கதவுக்கும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

நான் நான்கு விஷயம் பார்ப்பேன். ஒன்று, சோதனை அறிக்கையில் உள்ள அளவு, கண்ணாடி, பூட்டு, கீல் எல்லாம் மாட்டியிருக்கும் கதவோடு ஒத்துப்போகிறதா? இரண்டு, கதவிலும் நிலையிலும் உள்ள முத்திரை எண் அதே காகிதத்தைச் சொல்கிறதா? மூன்று, நிலைக்கும் சுவருக்கும் நடுவே எதை வைத்து அடைத்தார்கள்? பூச்சு பூசிவிட்டால் யாருக்கும் தெரியாது. அதனால் பூசுமுன் எடுத்த படம் வேண்டும். நான்கு, இன்று கதவு எப்படி இருக்கிறது? இடைவெளி 3 மில்லிமீட்டர் அளவில் இருக்கிறதா, சூட்டில் உப்பி இடுக்கை அடைக்கும் பட்டை அப்படியே இருக்கிறதா, கையை விட்டால் தானே முழுதும் சாத்துகிறதா?

ஒரு மருத்துவமனை. பெயர் வேண்டாம். ஃபைல் பளபளவென்று இருந்தது. மாடியேறிப் பார்த்தால், 22 கதவில் 9 கதவுக்கு அடியில் மரக்கட்டை! "ஸ்ட்ரெச்சர் போக வரத் தொந்தரவா இருக்குதுங்க சார். சர்டிபிகேட்தான் இருக்குதே, அப்புறம் என்னத்துக்குக் கதவைப் பாக்கறீங்க?" என்றார் மேலாளர். அவர் சொன்ன தொந்தரவு நியாயமானது. அதற்கு வழியும் உண்டு: கதவைத் திறந்தபடி பிடித்திருந்து, அபாய மணி அடித்ததும் விட்டுவிடுகிற காந்தப் பிடி. அதைப் போடச் சொல்லி, "9 கதவு தேறவில்லை" என்று எழுதினேன். மாற்றி எழுதக் கேட்டார்கள். மறுத்துவிட்டேன். எனக்கு வரவேண்டிய கட்டணம் இன்றுவரை வரவில்லை. ஆனால், அந்த வார்டில் படுத்திருப்பவர் எழுந்து ஓட முடியாதவர். அவருக்காகப் பார்க்கத்தானே என்னைக் கூப்பிட்டார்கள்?

ஒருமுறை பார்த்தால் போதாது. இங்கிலாந்தில் 11 மீட்டருக்கு மேல் உயரமான குடியிருப்புகளில், பொதுவழியில் உள்ள தீக்கதவுகளை 3 மாதத்துக்கொரு முறை பார்க்க வேண்டும் என்று 2023 ஜனவரி முதல் சட்டமே இருக்கிறது. நாமும் ஒரு நோட்டுப் போட்டு, கதவுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, தேதி போட்டு எழுதலாமே! பெரிய செலவில்லை.

தம்பி தங்கைகளே, உங்களில் பலர் நாளை சைட் என்ஜினீயர் ஆகப்போகிறீர்கள். "எல்லாம் சரியாத்தான் இருக்குது, கையெழுத்தைப் போடுங்க" என்று காகிதம் நீட்டுவார்கள். முதலில் எழுந்து போய்க் கதவைச் சாத்திப் பாருங்கள். அது ஒழுங்காகச் சாத்தினால் பிறகு பேனாவை எடுங்கள்.